மலைவாசிப் பெண்களும் ஊசி மருந்தும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி மருந்தைப் பதினான்கு வயதுப் பெண்களுக்கெல்லாம் படிப்படியாக அளிப்பதென்று நமது ராஜ்ய சர்க்கார் 2025-26ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்திலே அறிவித்து, அதற்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் உள்ள பெற்றோர் நாலு டாக்டர்களைக் கேட்டு, நாலு பத்திரிகைகளைப் படித்து, தங்கள் பெண்ணுக்கு எது நல்லதென்று தீர்மானித்துக் கொள்வார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நமது கவலையெல்லாம் போளூரிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதையில் உள்ள ஜமுனாமரத்தூரைப் பற்றியது. ஜவ்வாது மலையின் மலையாளி ஜாதிப் பெண்கள் பலர் அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளிகளிலே தங்கிப் படிக்கிறார்கள். சாமை விளைந்து முடிந்ததும் அவர்களுடைய தாய் தந்தையரிற் பலர் பிழைப்பைத் தேடிக் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் இறங்கிப் போய்விடுகிறார்கள். அந்தச் சமயத்தில் ஊசி வந்தால், அந்தப் பெண்ணுக்காகச் சம்மதம் கொடுப்பவர் யார்?

இது வீண் சந்தேகமென்று எவரேனும் கூறுவாராயின், அவர்களுக்கு 2009ஆம் வருஷத்து விருத்தாந்தத்தை நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வருஷம் ஆந்திர ராஜ்யத்தின் கம்மம் ஜில்லாவிலும், குஜராத்தின் வதோதரா ஜில்லாவிலும், அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' என்னும் ஸ்தாபனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலுடனும் ராஜ்ய சர்க்கார்களுடனும் சேர்ந்து இந்த ஊசியைப் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பெண்களுக்குப் போட்டுப் பார்த்தது. கம்மத்தில் மெர்க் கம்பெனியின் கார்டஸில் மருந்தும், வதோதராவில் கிளாக்ஸோ கம்பெனியின் ஸெர்வாரிக்ஸ் மருந்தும் உபயோகிக்கப்பட்டன. மருந்தைக் கம்பெனிகள் இனாமாகவே கொடுத்தன. இரண்டிடத்திலும் சேர்ந்து ஏறக்குறைய 24,000 பெண்கள் ஊசி போட்டுக் கொண்டார்கள். இவர்களிற் கணிசமானவர்கள் பத்ராசலம், கவாந்த் முதலிய பகுதிகளைச் சேர்ந்த ஆதிவாசிப் பெண்கள். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

ஏழு பெண்கள் இறந்தார்கள். மாதர் ஸ்தாபனங்கள் பத்ராசலத்துக்குச் சென்று விசாரித்து உண்மையை வெளியிட்ட பின்னரே தேசத்தில் கிளர்ச்சி உண்டாயிற்று. 2010 ஏப்ரலில் இந்திய சர்க்கார் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. பிறகு நியமிக்கப்பட்ட விசாரணைக் கமிட்டி ஏழு மரணங்களையும் பரிசீலித்தது. ஒரு பெண் கல்குவாரி நீரில் மூழ்கி இறந்தாள். ஒருத்தி பாம்பு கடித்து இறந்தாள். இருவர் பூச்சி மருந்தைக் குடித்து உயிரை மாய்த்துக் கொண்டார்கள். ஒருத்தி மலேரியாவினால் மாண்டாள். மற்ற இருவரில் ஒருத்திக்குக் கடும் ஜுரம், மற்றொருத்திக்கு மூளையில் இரத்தப் பெருக்கு என்று ஊகிக்கப்பட்டதேயன்றி முடிவாகத் தெரியவில்லை. ஊசிக்கும் இந்த மரணங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை என்பதே கமிட்டியின் முடிவு.

ஆனால் அதே விசாரணையில் வெளிப்பட்ட வேறொரு விஷயம் இருக்கிறது. ஆந்திரத்தில் பரிசீலிக்கப்பட்ட சம்மதப் பத்திரங்கள் 9,543. அவற்றில் 1,948 பத்திரங்களில் கைநாட்டுத்தான் இருந்தது. 2,763 பத்திரங்களில் கையெழுத்திட்டவர் பெற்றோரல்லர், விடுதி வார்டன்! பெற்றோருக்காகப் பள்ளித் தலைவர்களே கையெழுத்திடலாமென்று ராஜ்ய அதிகாரிகள் சுற்றறிக்கையே அனுப்பியிருந்தார்கள். 2013 ஆகஸ்டில் பார்லிமெண்டின் சுகாதார நிலைக் கமிட்டி தனது 72ஆவது அறிக்கையில் இச்செய்கையைக் கடுமையாகக் கண்டித்தது. மரணங்கள் போதிய விசாரணையின்றி அவசரமாக ஒதுக்கித் தள்ளப்பட்டன என்றும், கம்பெனிகளின் வியாபார லாபத்துக்கு வழி செய்வதே இத்திட்டத்தின் உள்நோக்கம் என்றும் அது குற்றம் சாட்டியது. 'பாத்' ஸ்தாபனம் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. பார்லிமெண்ட் கமிட்டியின் அறிக்கையைக் கோர்ட்டு பார்வையிடலாமா என்பதே பெரும் சட்டப் பிரச்னையாகி, அரசியல் சாசன பெஞ்சு 2018 மே மாதத்தில், பார்வையிடலாம், ஆனால் அவ்வறிக்கையின் செல்லுபடியைக் கோர்ட்டிலே எதிர்க்கலாகாது என்று தீர்ப்புக் கூறியது.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கம்மத்தில் நடந்த தவறு ஒன்று. மருந்தின் குணம் மற்றொன்று. பெண்களின் மரணத்துக்கு மருந்து காரணமென்பது நிரூபிக்கப்படவில்லை. பெண்களின் பெற்றோரைக் கேளாமல் ஊசி குத்தியது நிரூபிக்கப்பட்டது. முதலாவதைச் சொல்லி மருந்தைத் தூற்றுவோர் உண்மைக்குத் துரோகம் செய்கிறார்கள். மருந்து நல்லதுதானே என்று சொல்லி இரண்டாவதை மறைப்போர் ஏழைகளுக்குத் துரோகம் செய்கிறார்கள். இவ்விரு கட்சியாரிடமும் நமக்கு உடன்பாடில்லை.

மருந்தின் குணம் என்ன? கர்ப்பப்பை வாய்ப் புற்று, 'எச்.பி.வி.' எனப்படும் ஒரு வைரஸினால் உண்டாகிறது. இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹௌஸனுக்கு 2008ஆம் வருஷம் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகளே நூற்றுக்கு எழுபது நோயாளிகளின் வியாதிக்குக் காரணம். ஊசி மருந்தில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செத்த வைரஸ் கூடக் கிடையாது. அதன் மேலுறையைப் போன்ற வெறுங்கூடு மாத்திரமே இருக்கிறது. உடலானது அக்கூட்டைப் பார்த்து எதிரியின் முகத்தைத் தெரிந்து கொள்கிறது. ஆகவே இம்மருந்தினாலேயே அந்நோய் தொற்றிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை.

இந்நாட்டில் 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் ஏறத்தாழ 1,27,000 ஸ்திரீகள் புதிதாக இந்நோய்க்கு ஆளானார்கள் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களிற் பெரும்பாலோர் ஏழைகள். நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரியைக் காண்பவர்கள். ஊசியினால் இதனைத் தடுக்க முடியுமென்பது வெறும் நம்பிக்கையன்று. ஸ்வீடன் தேசத்தில் சுமார் பதினேழு லட்சம் பெண்களைப் பற்றி 2020ல் வெளியான ஆராய்ச்சி, பதினேழு வயதுக்கு முன் ஊசி போட்டுக் கொண்டவர்களிடையே இந்நோய் நூற்றுக்கு 88 பங்கு குறைந்திருப்பதைக் காட்டியது. இங்கிலாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊசி அளிக்கப்பட்ட பெண்களிடையே 87 பங்கு குறைந்ததென 2021ல் தெரியவந்தது.

இனி, ஊசியினால் வரும் உபாதைகளைப் பற்றிப் பார்ப்போம். உபாதையே இல்லையென்று பிரசாரம் செய்வது பெரும் பிழை. ஊசி குத்திய இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் உண்டாவது சர்வ சாதாரணம். சிலருக்குத் தலைவலி, இலேசான ஜுரம், குமட்டல், உடல்வலி காணும். இரண்டொரு நாளில் தீரும். பருவமடையும் வயதுப் பெண்கள் ஊசியைக் கண்டு மயங்கி விழுவதும் உண்டு. விழும்போது தலையில் அடிபடலாம். ஆகையினால்தான் அவர்களை உட்கார வைத்தோ படுக்க வைத்தோ ஊசி போட்டு, குறைந்தது கால் மணி நேரமேனும் கண்காணிக்க வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். நமது நாட்டில் அரை மணி நேரம் வைத்திருப்பது வழக்கம். கடும் ஒவ்வாமையினால் மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அபூர்வம். பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய இரண்டுக்கும் குறைவு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் பாதுகாப்புக் கமிட்டி 2017ல் கணக்கிட்டது. அப்போது உலகில் விநியோகமாகியிருந்த ஊசிகள் 27 கோடிக்கு மேல். நரம்புத் தளர்ச்சி நோய்களுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் உண்டா என்றும் அக்கமிட்டி ஆராய்ந்து, இல்லையென்றே முடிவு செய்தது. பிள்ளைப் பேறு அற்றுப் போகும் என்று மலையிலும் கீழேயும் உலவும் வதந்திக்கு எவ்வித ஆதாரமும் இல்லை. ஆயினும் 1975 முதல் 1977 வரை அவசர நிலைக் காலத்தில் ஏழைகளைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்த தேசத்தில் இத்தகைய வதந்தி பிறப்பதில் ஆச்சரியமென்ன?

பயம் எவ்வளவு பெரிய நஷ்டத்தை விளைக்குமென்பதற்கு ஜப்பானே உதாரணம். அங்கே 2013 ஏப்ரலில் இவ்வூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சில பெண்களுக்குத் தீராத வலியும், கை கால் தாமாக அசைவதுமான கஷ்டங்கள் ஏற்பட்டனவென்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஜூன் மாதத்திலேயே சர்க்கார் தனது சிபார்சை நிறுத்திக் கொண்டது. நூற்றுக்கு எழுபது பேர் போட்டுக் கொண்டிருந்த ஊசியை நூற்றுக்கு ஒருவர் கூடப் போட்டுக் கொள்ளாத நிலை வந்தது. பின்னர் நகோயா நகரத்தில் ஏறக்குறைய 30,000 பெண்களை ஆராய்ந்ததில், அதே கஷ்டங்கள் ஊசி போட்டவர்களிடமும் போடாதவர்களிடமும் ஒரே அளவில் காணப்பட்டன. 2022 ஏப்ரலில்தான் சிபார்சு மறுபடி உயிர் பெற்றது. இடைப்பட்ட வருஷங்களின் தயக்கத்தினால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகள் பிற்காலத்தில் உயிரிழக்க நேரிடுமென்று நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பத்திரிகை எழுதும் நாமும், மேடையேறிப் பேசும் தேசத் தொண்டர்களும் இந்த எண்ணை மறக்கலாகாது. நமது பேனாவினாலும் உயிர்ச்சேதம் உண்டாகும்.

அப்படியானால் கேள்வியே கேட்கக் கூடாதா? கேட்டே தீர வேண்டும். தமிழ்நாட்டில் இது புதிய விவாதமன்று. 1948ல் கிண்டியில் க்ஷயரோகத் தடுப்புக்கான பி.ஸி.ஜி. மருந்துச் சாலை ஏற்பட்டது. 1955ல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். அநேகர் அவரைப் பரிகசித்தார்கள். 1968ல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய மாபெரும் பரீட்சை, வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி தடுக்கவில்லையென்று காட்டிற்று. அதே சமயம், குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் கொடிய க்ஷயத்திலிருந்து அது காக்கிறதென்பது வேறு ஆராய்ச்சிகளால் ஸ்தாபிதமாயிற்று. இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. கேள்வி கேட்டவர் மூடருமல்லர். ஊசி போட்டவர் கொலைகாரருமல்லர். இருவருடைய வழக்கையும் தீர்த்து வைத்தது பொறுமையோடு எடுக்கப்பட்ட கணக்கு ஒன்றுதான்.

இந்த ஊசி விஷயத்திலும் அத்தகைய கணக்கு நம் நாட்டிலேயே எடுக்கப்பட்டிருக்கிறது. 2009ல் கம்மம் திட்டத்திற்குப் புறம்பாக, இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய வேறொரு பரீட்சை இந்தியாவின் பல இடங்களில் தொடங்கியது. நமது திண்டுக்கல் ஜில்லாவிலுள்ள அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. 2010ல் சர்க்காரின் தடை வந்தபோது, ஏறக்குறைய ஐயாயிரம் பெண்கள் ஒரே ஒரு ஊசியோடு நின்று போனார்கள். அவர்களைப் பத்து வருஷ காலம் தொடர்ந்து கவனித்ததில், ஓர் ஊசியே 16, 18 வகை வைரஸ்கள் உடலில் நிலைப்பதை நூற்றுக்கு 95 பங்கு தடுக்கிறதென 2021ல் தெரியவந்தது. 2022 டிஸம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஓர் ஊசி முறையையும் அங்கீகரித்தது. இந்தியப் பெண்களின் உடல் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் இந்த உபகாரத்தைச் செய்திருக்கிறது. ஜமுனாமரத்தூர் போன்ற இடத்திற்கு இதன் பயன் பெரிது. இரண்டாவது ஊசிக்காக ஆறு மாதம் கழித்துப் பெண்ணை எந்தக் கிராமத்தில் தேடுவது என்ற கஷ்டம் நீங்கிவிடுகிறது.

புனாவிலுள்ள ஸீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் 'ஸெர்வாவாக்' என்னும் சுதேசி மருந்துக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்தது. அந்நியக் கம்பெனிகள் வைத்ததே விலை என்ற நிலை மாறுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுதேசி என்ற பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக் கொள்ளலாகாது. 2009ல் கம்மத்துப் பெண்களின் உரிமையைப் பறித்தவர்கள் அந்நியர் மாத்திரமல்லர்; சுற்றறிக்கை அனுப்பியவர்கள் நம்மவர்; கையெழுத்திட்ட வார்டன்களும் நம்மவர். அந்நிய முதலாளியிடம் எதிர்பார்க்கும் நாணயத்தை சுதேசி முதலாளியிடமும் சுதந்திர சர்க்காரிடமும் இருமடங்கு எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு.

எனவே ஜவ்வாது மலையில் ஊசி போடும்போது சர்க்கார் அனுசரிக்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். வார்டனோ தலைமை ஆசிரியரோ எந்தப் பெண்ணுக்காகவும் கையெழுத்திடலாகாது. தாயாரோ தகப்பனாரோ நேரில் வந்து, மருந்தின் நன்மையையும் உபாதையையும் புரியும் தமிழிலே கேட்டறிந்த பிறகே சம்மதம் பெற வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பது குற்றமன்று. விஷயம் தெரியாமல் வைக்கச் சொல்வதுதான் குற்றம். பெற்றோர் வெளியூர் போயிருந்தால், பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அவர்கள் திரும்பும் வரை காத்திருக்கலாம். வருஷக் கணக்கில் வளரும் நோய்க்கு எதிரான ஊசி சில வாரம் தாமதிப்பதால் குடி முழுகிவிடாது. பதினான்கு வயதுப் பெண் விவரம் அறியாதவளல்லள். அவளையும் கேட்க வேண்டும். வேண்டாமென்று சொல்பவளை விடுதியிலே அதட்டலாகாது.

ஊசி போடும் இடத்தில் டாக்டர் இருக்க வேண்டும். ஒவ்வாமைக்கு உடனே கொடுக்கும் மாற்று மருந்து கையில் இருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கிச் செல்ல வண்டி காத்திருக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ நேரும் ஆபத்து நகரத்தில் சமாளிக்கக் கூடியது. மலையுச்சியில் அதுவே மரணம். ஊசிக்குப் பின் எந்தப் பெண்ணுக்கு என்ன நோய் வந்தாலும், ஊசி போடாத வேறு டாக்டர்கள் விசாரித்து, முடிவைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். தொகைகளை ஜனங்கள் அறிய வெளியிட வேண்டும். ஜெர்மனி 1961லும், பிரிட்டன் 1979லும், அமெரிக்கா 1986லும் தடுப்பூசியால் தீங்கடைந்தவர்களுக்கு ஈடு கொடுக்கச் சட்டம் செய்தன. சமூகத்தின் நன்மைக்காகக் கையை நீட்டும் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், சமூகமே அதன் பாரத்தை ஏற்பதுதான் தர்மம். மலைவாசித் தகப்பன் வக்கீலைத் தேடிக் கோர்ட்டுப் படியேறி நஷ்ட ஈடு வாங்குவானென்று எதிர்பார்ப்பது கேலிக்கூத்து.

பெண்ணுக்கு ஊசி போடுவதோடு கடமை தீர்ந்ததென்றும் நினைக்கலாகாது. அவளுடைய தாயாருக்கு இவ்வூசியால் பயன் மிகக் குறைவு; தொற்றிவிட்ட வைரஸை இது அகற்றாது. முப்பது வயது கடந்த ஸ்திரீகளைப் பரிசோதித்து ஆரம்பத்திலேயே நோயைக் கண்டு நீக்குவதே அவர்களுக்கு வழி. இதற்கும் நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் ஜில்லாவில் கிராம ஸ்திரீகளிடம் எளிய காடி அமிலத்தைத் தடவிப் பார்க்கும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததனால் இந்நோயின் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென்று 2007லேயே ஆராய்ச்சி வெளியாயிற்று. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்த ராஜ்யம் இது. ஊசிப் பெட்டி ஏறும் மலைப்பாதையில் பரிசோதனை செய்யும் நர்ஸும் ஏறக் கூடாதா?

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி வருமுன் மலைக்குப் போங்கள். கிராமங்களில் உட்கார்ந்து ஜனங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். மயக்கம் வரலாம், கை வலிக்கும், ஜுரம் அடிக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்; முன்னே சொல்லிவிட்ட உபாதை பின்னே வதந்தியாக மாறுவதில்லை. ஊசிக்கு எதிராகக் கூச்சலிட்டு விட்டு மலையிறங்கி வந்துவிடுவது எளிது. இருபது வருஷம் கழித்து அதே மலையில் ஒரு ஸ்திரீ, மூன்று குழந்தைகளுக்குத் தாய், இரத்தப் பெருக்கோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்தக் கூச்சலுக்குப் பொறுப்பேற்க யார் வருவார்?

இவ்வூசியை நாம் ஆதரிக்கிறோம். ஆதரிப்பதனாலேயே அதன் மேல் களங்கம் படியக் கூடாதென்று கவலைப்படுகிறோம். கம்மத்தில் வார்டன் இட்ட 2,763 கையெழுத்துக்கள் ஒரு நல்ல மருந்தின் பெயரை வருஷக் கணக்கில் கெடுத்து வைத்தன. ஜமுனாமரத்தூரில் அப்படி ஒரு கையெழுத்துக் கூட விழாமல் பார்த்துக் கொள்வது சர்க்காரின் பொறுப்பு. விழுந்தால் அதனை வெளிப்படுத்துவது நமது பொறுப்பு.